தெரிந்த தொழிலும் தேடும் வேலையும்

புனேயின் வடமேற்கில் இருக்கும் ஔந்தில் வேலை தேடுகிறவர்களை மூன்று வகையாகப் பார்க்கலாம். பரிஹார் சௌக் பக்கத்துச் சாலைக்குப் பெயரே ஐ.டி.ஐ. ரோடு. அங்குள்ள அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர், டர்னர், வெல்டர் என்று படித்து முடித்து, போசரி, சாக்கண் தொழிற்பேட்டைகளுக்கு பஸ் ஏறும் பையன்கள் முதல் வகை. முளா ஆற்றைத் தாண்டினால் ராணுவ முகாம். முப்பத்தைந்து, நாற்பது வயதில் சீருடையைக் கழற்றிவிட்டு இன்னொரு வேலைக்கு மனுப் போடுகிறவர்கள் இரண்டாம் வகை. ஔந்திலிருந்தும் அதை ஒட்டிய பாணேர், வாகட் பகுதிகளிலிருந்தும் ஹிஞ்சவடி ஐ.டி. பூங்காவுக்குப் பல வருடம் போய்வந்து, ஒரு நாள் ஹெச்.ஆர். கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசிய பிறகு போக வேண்டியதில்லை என்று ஆனவர்கள் மூன்றாம் வகை. மூன்றிலும் தமிழர்கள் உண்டு. பக்கத்துக் கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலைக் காலத்திலிருந்தே குடியிருக்கும் குடும்பங்களும் உண்டு, போன வருடம் கோயம்புத்தூரிலிருந்து வந்தவர்களும் உண்டு.

இந்த மூன்று கூட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். அதிகம் படித்த, அதிகம் சம்பாதித்த மூன்றாவது கூட்டம்தான் வேலை தேடும்போது அதிகம் தடுமாறுகிறது. ஐ.டி.ஐ. பையனுக்கு அந்தத் தடுமாற்றம் கிடையாது. சந்தை நிலவரத்தைச் சொல்லி இதை முழுதாக விளக்க முடியாது என்று நினைக்கிறேன். தெரிந்த தொழிலை வைத்து வேலை தேடுவது என்கிறோமே, அதில் இரண்டு காரியம் கலந்து கிடக்கிறது. தெரிந்ததைப் புது முதலாளியிடம் சரக்காகக் காட்டுவது ஒன்று. தெரிந்ததை வேலை தேடும் வேலைக்கே கருவியாகப் பயன்படுத்துவது இன்னொன்று. முன்னதைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு, கோர்ஸ், சான்றிதழ். பின்னதைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

முதலில் சரக்கு. போசரியில் ஒரு சின்ன மெஷின் ஷாப்புக்கு ஃபிட்டர் ஒருவர் போனால் ரெஸ்யூமை யாரும் நிதானமாகப் படிப்பதில்லை. ஒரு இரும்புத் துண்டையும் டிராயிங்கையும் கொடுத்து வைஸ் முன்னால் நிறுத்துவார்கள். அரம் பிடிக்கும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும். முடித்ததும் வெர்னியரை வைத்துப் பார்ப்பார்கள். ஒன்றுக்குள் ஒன்று பொருத்தி வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் இடுக்கில் ஒளி கசிகிறதா இல்லையா என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். வெல்டருக்கு இன்னும் கறார். வளைகுடா வேலைக்கு ஆள் எடுக்கும்போது 6ஜி டெஸ்ட் என்பார்கள். நாற்பத்தைந்து பாகை சாய்வில் குழாயை அசையாமல் பிடித்து வைத்துவிடுவார்கள். வெல்டர்தான் குனிந்தும் நிமிர்ந்தும் சுற்றிவந்து பற்றவைக்க வேண்டும். பிறகு அந்த இணைப்புக்கு எக்ஸ்ரே. உள்ளே காற்றுக்குமிழி இருந்தால் படத்தில் வந்துவிடும். யார் சிபாரிசும் அதை மறைக்காது.

திருச்சிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திருவெறும்பூர் பெல் கொதிகலன் ஆலையும், 1975-இல் வந்த வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் அந்த வட்டாரத்தில் ஒரு தலைமுறையையே வெல்டர்களாக்கின. அனல்மின் நிலைய ஆர்டர்கள் குறைந்து, பெல்லை நம்பியிருந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் தள்ளாடியபோது, அந்தக் கைகள் துறைமுகங்களுக்கும் எண்ணெய்க் கம்பெனிகளுக்கும் வெளிநாட்டுக் கப்பல் தளங்களுக்கும் போக முடிந்தது. கொதிகலன் குழாயும் சுத்திகரிப்பு ஆலைக் குழாயும் ஒரே டெஸ்டைக் கேட்பதால் தொழில் இடம் மாறியது. பட்டறை முதலாளிகளுக்கு அந்த வசதி இருக்கவில்லை. கடன் மாட்டிக்கொண்டது, ஷெட் மாட்டிக்கொண்டது, வெல்டர் மட்டும் போய்விட்டார்.

ஒரு மணி நேரத்தில் அந்நியர் ஒருவர் சோதித்துப் பார்க்கக்கூடிய தொழில் சுலபமாக இடம் மாறும். அப்படிச் சோதிக்க முடியாத தொழிலுக்கு வேறு ஏதாவது சாட்சி வேண்டும். ராணுவத்தில் சேவை முடித்தவர்களின் கஷ்டம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

சிப்பாயாகச் சேர்ந்தவர் பதினைந்து முதல் இருபது வருடத்துக்குள் வெளியே வந்துவிடுகிறார். பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் வயது, வீட்டுக் கடன் பாதியில் நிற்கும் நேரம். கையில் பென்ஷன் உண்டு, போதாது. அவருக்கு உதவ டெல்லியில் மறுவாழ்வு இயக்குநரகம் இருக்கிறது. மெட்ரிக் முடித்து பதினைந்து வருடம் பணியாற்றியவரைக் கீழ்நிலை அரசுப் பதவிகளுக்குப் பட்டதாரிக்குச் சமமாகக் கருதும் விதி இருக்கிறது. ஔந்துக்குப் பக்கத்திலேயே, கட்கியில், க்வீன் மேரிஸ் டெக்னிக்கல் இன்ஸ்டிடியூட் இருக்கிறது. முதல் உலகப்போரில் ஊனமுற்ற சிப்பாய்களுக்காக 1917-இல் பம்பாயில் தொடங்கி, பின்னால் கட்கிக்கு வந்தது. காலை இழந்தவருக்குக் கைத்தொழில் என்ற அதன் எண்ணம் நூறு வருடம் தாண்டியும் பழசாகவில்லை.

இவ்வளவு இருந்தும், வெளியே வருகிறவருக்கு அதிகம் திறந்திருக்கும் கதவு செக்யூரிட்டி வேலைதான். இயக்குநரகம் அங்கீகரித்த காவல் ஏஜென்சிகள், மகாராஷ்டிரத்தில் மெஸ்கோ, தமிழ்நாட்டில் 1986 முதல் டெக்ஸ்கோ ஆகிய முன்னாள் ராணுவத்தினர் கழகங்கள் என்று அந்த வழி நன்றாகப் பழகிப்போயிருக்கிறது. வழி இருப்பது நல்லதுதான். குறை என்னவென்றால், இருபது வருடம் சிக்னல் கருவி பழுதுபார்த்தவரும் வண்டிப் பணிமனை நடத்தியவரும் ஸ்டோர் கணக்கு வைத்தவரும் கடைசியில் ஒரே கேட்டில் நிற்கிறார்கள். அவர்களில் காவல் நிற்பது மட்டுமே தெரிந்தவர் யாரும் இல்லை.

வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு வீடு ராணுவத்தார் இருக்கும் ஊர்கள் உண்டு. அந்த வட்டாரத்து ஹவில்தார் ஒருவர் ஔந்தில் இருந்தபோது தன் ரெஸ்யூமைக் கொண்டுவந்து காட்டினார். "ஸ்டோர் கீப்பர், பதினாறு வருடம்" என்று ஒரே வரி. மீதிப் பக்கமெல்லாம் பதக்கமும் போஸ்டிங் ஆன ஊர்களும்.

"அண்ணே, ஸ்டோர்ல என்னென்ன இருந்துச்சு?"

"வண்டி சாமான் தம்பி. ஃபேன் பெல்ட்லேர்ந்து கியர் பாக்ஸ் வரைக்கும். ஆயிரக்கணக்குல ஐட்டம்."

"கணக்கு குறைஞ்சா?"

"குறைஞ்சா என் சம்பளத்துல பிடிப்பாங்க. வருஷத்துக்கு ஒரு தடவை போர்டு வந்து உட்கார்ந்து எண்ணும். என் காலத்துல ஒரு தடவைகூட குறையல."

இந்தக் கடைசி வாக்கியம் ரெஸ்யூமில் இல்லை. சாக்கணில் உதிரிபாகக் கிடங்கு நடத்துகிறவர் தேடுவது அதைத்தான். பதினாறு வருடம், ஆயிரக்கணக்கான உருப்படி, ஆண்டுதோறும் வெளியார் தணிக்கை, பற்றாக்குறை இல்லை என்று எழுதினால் எந்தக் கிடங்கு மேனேஜரும் ஒரு நிமிடம் நின்று படிப்பார். ஹவில்தாருக்கோ அது பெருமை பேசுவதாகப் பட்டது. "அது என் டியூட்டி தம்பி, அதைப் போய் எழுதுவாங்களா?" என்றார். ஒழுங்கு பழகிய மனிதர்கள் பலருக்கும் இந்தக் கூச்சம் இருக்கிறது. தாங்கள் செய்ததில் மிகக் கடினமானது எதுவோ அது அவர்களுக்குச் சாதாரணமாகப் படுகிறது.

பதவிப் பெயருக்குள் ஒளிந்திருக்கும் திறமையை வெளியே எடுப்பதை ஆராய்ச்சியாளர்கள் வேறு வழியில் அணுகினார்கள். அமெரிக்கத் தொழிலாளர் துறையின் தொழில் அகராதி 1965-ஆம் ஆண்டு மூன்றாம் பதிப்பில் ஒவ்வொரு வேலையையும் மூன்றே கேள்வியால் அளந்தது. இந்த வேலையில் தகவலை என்ன செய்கிறார், மனிதர்களோடு என்ன செய்கிறார், பொருள்களை என்ன செய்கிறார்? சிட்னி ஃபைன் என்ற உளவியலாளரின் சிந்தனை அதற்குப் பின்னால் இருந்தது. பதவிப் பெயரை உரித்துவிட்டுச் செயலைப் பார்த்தால் தூரத்து வேலைகள் கிட்ட வந்துவிடும். வேலையிழந்த பாதிரியார் ரிச்சர்ட் போல்ஸ் இதையே எளிமையாக்கி 1970-இல் ஒரு கையேடு எழுதினார். தன்னைப் போலப் பதவி போன மதகுருமாருக்காக அவரே அச்சிட்டது, பின்னால் உலகமெங்கும் விற்றது. பிரசங்கம் செய்யத் தெரிந்தவர் வேறெங்கே பேசலாம், துக்க வீட்டில் ஆறுதல் சொல்லத் தெரிந்தவர் வேறெங்கே கேட்கப்படுவார் என்பதுதான் அவருடைய கேள்வி.

இந்த நம்பிக்கைக்கு ஒரு எல்லையும் உண்டு. ஜெர்மனியத் தரவுகளை வைத்து கிறிஸ்டினா காத்மனும் உட்டா ஷோன்பெர்க்கும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு, ஆட்கள் வேலை மாறும்போது பெரும்பாலும் செயல்கள் ஒத்திருக்கும் தொழிலுக்கே மாறுகிறார்கள் என்று காட்டியது. அனுபவம் கூடக்கூடத் தாவும் தூரம் குறைகிறது. தூரம் தாவினால் சம்பளத்தில் அடி. நிறுவனம் நொடித்து வெளியே தள்ளப்பட்டவர்கள் கதை இன்னும் மோசம். பென்சில்வேனியாவில் பல வருடம் ஒரே இடத்தில் வேலை பார்த்து வெளியேறியவர்களை ஜேக்கப்சன், லலோண்ட், சல்லிவன் மூவரும் தொடர்ந்து பார்த்து 1993-இல் எழுதினார்கள். வேறு வேலை கிடைத்து வருடங்கள் கடந்த பிறகும் அவர்கள் வருமானம் வேலை போகாமல் இருந்தால் வந்திருக்கக்கூடியதைவிடக் கால் பங்கு குறைவாகவே இருந்தது. எந்தத் திறமையும் எங்கும் செல்லும் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தக் கால் பங்கைப் பற்றி வாய் திறப்பதில்லை.

இனி மூன்றாவது கூட்டம். 2025 ஜூலையில் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதத்தை, ஏறக்குறைய 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அதில் அதிகம் பேர் நடுத்தர, மேல்நிலைப் பதவிகளில் இருப்பவர்கள். செயற்கை நுண்ணறிவு காரணமில்லை, திறமைப் பொருத்தமின்மையும் சிலரைப் புது வேலையில் அமர்த்த முடியாததும்தான் காரணம் என்று தலைமைச் செயல் அதிகாரி கிருத்திவாசன் சொன்னார். புனேயில் இயங்கும் நைட்ஸ் என்ற ஐ.டி. ஊழியர் அமைப்பு அரசிடம் முறையிட்டது. ஔந்து அடுக்ககங்களில் அந்த வாரம் பேச்செல்லாம் இதுவாகத்தான் இருந்தது. வேறு கம்பெனிக்காரர்கள்கூட நாக்ரி வேலைவாய்ப்புத் தளத்தில் தங்கள் புரொஃபைலைத் தூசு தட்டினார்கள்.

பதினைந்து, பதினெட்டு வருட அனுபவக்காரர் வேலையிழந்தால் முதலில் செய்வது கோர்ஸில் சேர்வது. கிளவுட், டேட்டா, இப்போது ஏஐ. அடுத்தது நூற்றுக்கணக்கில் ரெஸ்யூம் அனுப்புவது. ஏன் பதில் வரவில்லை என்று யோசிப்பது கடைசியில்தான், பல பேர் அதுவரை வருவதேயில்லை. இத்தனைக்கும் அவர் வாழ்நாளெல்லாம் செய்த வேலையே, ஏன் வரவில்லை என்று கண்டுபிடிப்பதுதான்.

திருநெல்வேலிப் பக்கத்து டெஸ்ட் லீட் ஒருவர் இதில் விதிவிலக்கு. ஔந்தில் ஒரு அம்ருத்துல்யா டீக்கடையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்து அவர் காட்டிய எக்செல் ஷீட்டை இங்கே சொல்ல வேண்டும். ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு வரிசை. கம்பெனி, பதவி, யார் மூலம் போனது, எந்த வடிவ ரெஸ்யூம், போட்ட தேதி, எந்தச் சுற்றில் நின்றது, நின்றதற்குக் காரணம், அந்தக் காரணம் தெரிந்ததா ஊகமா. கடைசிப் பத்தி முக்கியம். ஊகம் என்றால் மஞ்சள் நிறம். மஞ்சள் அதிகமானால் அந்த ஹெச்.ஆருக்குத் தயங்காமல் போன் போட்டுக் கேட்டுவிடுவார்.

"பக் வந்தா முதல்ல என்ன செய்வோம்? திரும்ப வரவழைச்சுப் பார்ப்போம். வரலைன்னா அது பக்கே இல்ல, சும்மா புலம்பல். இதுவும் அப்படித்தான்" என்றார்.

திரும்ப வரவழைத்துப் பார்த்ததில் அவருக்குத் தெரிந்தது இது. டெக்னிக்கல் சுற்றில் அவர் தோற்றது அபூர்வம். பெரும்பாலும் நின்றது முதல் போன் காலில், கரண்ட் சிடிசி எவ்வளவு, எதிர்பார்ப்பு எவ்வளவு, எப்போது சேர முடியும் என்ற மூன்று கேள்வியில். பழைய சம்பளத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் மௌனம். இவரோ அதுவரை ராத்திரி ராத்திரியாக ஆட்டோமேஷன் கோர்ஸ் படித்துக்கொண்டிருந்தார். சரியில்லாத இடத்தை விட்டுவிட்டு சரியாக இருந்த இடத்தையே மேலும் சரிசெய்துகொண்டிருந்திருக்கிறார். பிறகு கேள்விக்குக் காத்திராமல், இந்த வரம்புக்குள் பேசத் தயார் என்று முதல் மெயிலிலேயே எழுதினார். நோட்டீஸ் இல்லை, உடனே சேரலாம் என்பதைத் தலைப்பு வரிக்குக் கொண்டுவந்தார். கூப்பிட ஆரம்பித்தார்கள். கராடியில் சின்ன கம்பெனி ஒன்றில் சேர்ந்திருக்கிறார். சம்பளம் முன்பைவிடக் குறைவு, போகவர நேரம் அதிகம். இதை வெற்றிக் கதை என்று சொன்னால் அவரே சிரிப்பார்.

என்னைக் கவர்ந்தது அந்த ஷீட். அதில் அவருக்குப் புதிதாக எதுவும் கற்க வேண்டியிருக்கவில்லை. பதினேழு வருடம் அடுத்தவர் மென்பொருளுக்குச் செய்ததைத் தன் தேடலுக்குச் செய்தார். இப்படிச் செய்கிறவர்கள் ஏன் இவ்வளவு குறைவு என்று யோசித்தால், வேலையிழப்பு மனிதனைத் தன் தொழிலிலிருந்தே வெளியேற்றிவிடுகிறது என்று தோன்றுகிறது. திங்கட்கிழமை ஸ்டேட்டஸ் கேட்க ஆளில்லாதபோது, பத்து டீமுக்குத் தேதி வைத்து வேலை வாங்கிய புராஜெக்ட் மேனேஜர் தன் தேடலுக்கு ஒரு வாரத் திட்டம்கூடப் போடுவதில்லை. அவமானமும் ஒரு காரணம். காலை எட்டரைக்கு லிஃப்டில் பக்கத்து வீட்டுக்காரர் "லீவா சார்?" என்று கேட்பாரோ என்ற பயத்தில் சிலர் பையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கி எங்கேயாவது போய் உட்கார்கிறார்கள். ஆஸ்திரியாவின் மரியன்தால் கிராமத்தில் நூலாலை மூடியபோது நடந்ததை ஆய்ந்து 1933-இல் எழுதிய மேரி யகோடா குழுவினர், கையில் நேரம் நிறைய வந்ததும் மக்கள் அதைப் பயன்படுத்துவதையே விட்டுவிட்டார்கள் என்று கண்டார்கள். நூலகத்திலிருந்து எடுக்கும் புத்தகங்கள்கூடக் குறைந்துபோயின.

தன் தொழிலைத் தேடலில் அப்படியே இறக்கியவர்களில் மிகவும் சாமர்த்தியசாலிகள் வேலையிழந்த ரெக்ரூட்டர்கள். நாக்ரியில் ஆள் தேடுகிறவர் எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவார், நோட்டீஸ் பீரியட் வடிகட்டியை எங்கே வைப்பார், சமீபத்தில் புதுப்பித்த புரொஃபைல் மேலே வரும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. விளம்பரத்துக்கு மனுப் போடுவதைவிட, அந்த விளம்பரத்தைப் போட்ட ரெக்ரூட்டரைத் தேடிப் பிடிப்பதில்தான் அவர்கள் நேரம் போகிறது. சேல்ஸ்காரர்களும் தேறிவிடுகிறார்கள். பத்து கதவு தட்டினால் ஒன்பது மூடும் என்பது அவர்களுக்கு முதல் வருடத்திலேயே பழகிவிட்டது.

ஆள் தெரிந்திருந்தால்தான் வேலை என்ற பழைய பேச்சில் எவ்வளவு உண்மை? மார்க் கிரனோவெட்டர் அமெரிக்காவின் நியூட்டன் நகரில் 282 பேரை விசாரித்து 1974-இல் புத்தகமாக்கினார். பாதிக்கு மேற்பட்டோர் தெரிந்தவர் மூலமே வேலை பெற்றிருந்தார்கள். ஆனால் அந்தத் தெரிந்தவர் பெரும்பாலும் நெருங்கிய நண்பரோ சொந்தக்காரரோ இல்லை, எப்போதாவது பார்க்கிறவர். நெருங்கினவருக்குத் தெரிந்த காலியிடம் நமக்கும் முன்பே தெரிந்திருக்கும், புதுச் செய்தி தூரத்து ஆளிடமிருந்துதான் வரும். 2022-இல் லிங்க்ட்இன் தளத்தில் இரண்டு கோடிப் பேரை வைத்துச் செய்த சோதனை இதைக் கொஞ்சம் திருத்தியது. மிகத் தூரமும் உதவாது, ஓரளவு தூரமே நல்லது. புனேத் தமிழர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது என்பேன். நம் வாட்ஸ்அப் குழுக்களில் வேலைச் செய்தி குறைவில்லாமல் சுற்றுகிறது. ஆனால் ஒரே கல்லூரி, ஒரே கம்பெனி, ஒரே கோயில் வட்டத்துக்குள்ளேயே சுற்றுகிறது. சொசைட்டி மீட்டிங்கில் தண்ணீர் டேங்கர் விவகாரத்தில் சண்டைபோட்ட மராட்டிக் காகாவின் மருமகன் தளேகாவ் ஆலையில் என்னவாக இருக்கிறார் என்று நமக்குத் தெரியாது.

சொசைட்டி என்றதும் இன்னொரு கூட்டத்தைச் சொல்லாமல் போகக் கூடாது. கணவர் வேலையை முன்னிட்டு ஔந்துக்கு வந்து, தன் வேலையை விட்டு, பத்து வருடம் குழந்தை வளர்த்த பெண்கள். ரெஸ்யூமில் அந்தப் பத்து வருடம் வெறும் இடைவெளி. உண்மையில் அவர்களில் பலர் வீட்டு வசதிச் சங்கத்தின் பொருளாளர்களாக இருந்திருக்கிறார்கள். மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கச் சட்டம் 1960-இன்படி கணக்கு எழுதி, தணிக்கைக்குக் கொடுத்து, லிஃப்ட் பராமரிப்புக் கான்ட்ராக்ட் பேசி, பாக்கி வைத்தவர்களிடம் முகம் கோணாமல் வசூலித்திருக்கிறார்கள். சம்பளம் வராததால் அதை வேலை என்று எழுத அவர்களுக்கே மனம் வருவதில்லை. டாடா குழுமம் 2008-இல் இடைவெளி விட்ட பெண்களுக்கென்று இரண்டாம் பணி இன்டர்ன்ஷிப் திட்டம் கொண்டுவந்தது. பிறகு சில ஐ.டி. கம்பெனிகளும் அதுபோல் செய்தன. தேவைக்கு முன் இது சொற்பம்.

இதுவரை சொன்னதெல்லாம் தேடுகிறவர் கையில் இருப்பது. கையில் இல்லாதது இதைவிடப் பெரிது. சுகதேவ் தோரட்டும் பால் அட்வெலும் செய்து 2007-இல் வெளியிட்ட சோதனையில், தகுதி ஒன்றே, பெயர் மட்டும் வேறு என்றபடி தனியார் வேலைகளுக்கு மனுக்கள் போயின. உயர்சாதிப் பெயருக்கு அடுத்த கட்டத்துக்கு அழைப்பு வரும் வாய்ப்போடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்கு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. அங்கே எக்செல் ஷீட்டில் காரணம் என்ற பத்தியில் என்ன எழுதுவது? எல்லாம் மஞ்சளாகவே இருக்கும்.

வயது இன்னொன்று. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-இல் தொடங்கி உச்சத்தில் எட்டாயிரம் பேரளவில் வேலை கொடுத்தது, 2014 நவம்பர் 1-இல் உற்பத்தி நின்றது. அசெம்பிளி லைனில் நின்றவர்களில் இளம்பெண்கள் ஏராளம். அவர்கள் கற்றது உலகத்தரத் தொழில்தான், சந்தேகமில்லை. ஆனால் அதை வாங்க அந்த நேரத்தில் அந்த வட்டாரத்தில் யாரும் இல்லை. பக்கத்திலிருந்த ஃபாக்ஸ்கான் ஆலையும் அந்த ஆண்டு இறுதியிலேயே நின்றது. நோக்கியா வளாகத்தை எடுத்துக்கொள்வதாக சால்காம்ப் அறிவித்தது 2019 நவம்பரில், ஐந்து வருடம் கழித்து. இன்று அதே வட்டாரம் செல்போன் உற்பத்தியில் கொடிகட்டிப் பறக்கிறது. இருபத்திரண்டு வயதில் வேலையிழந்தவருக்கு இப்போது முப்பதைத் தாண்டிவிட்டது, லைனுக்கு ஆள் எடுப்பவர்கள் பார்ப்பதோ பதினெட்டும் இருபதும்.

புனேக்குப் பக்கத்திலேயே தளேகாவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை 2020 டிசம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. தொழிலாளர் சங்கம் நீதிமன்றம் ஏறியது. 2023 ஆகஸ்டில் ஹூண்டாய் அந்த ஆலைக்கு ஒப்பந்தம் போட்டது. வாங்கியது நிலம், கட்டடம், சில இயந்திரங்கள். அங்கே கார் கட்டிப் பழகிய கைகள் விற்பனைப் பட்டியலில் வரவில்லை. கார் ஆலை, கார் கட்டத் தெரிந்த ஆள், இரண்டும் ஒரே ஊரில். செயல் ஒப்புமை பற்றிய ஜெர்மனி ஆய்வுப்படி பார்த்தால் தாவ வேண்டிய தூரமே இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் தனிமனிதனின் ரெஸ்யூமைத் திருத்துவது பற்றிப் பேசுவது கிட்டத்தட்ட அநியாயம்.

அரசு என்ன செய்தது? தேசியத் திறன் தகுதிச் சட்டகம் 2013 டிசம்பரில் வந்தது. பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டத்துக்குள் முன்கற்றலை அங்கீகரித்தல் என்று ஒரு பிரிவு. பட்டறையிலோ வயலிலோ தானே கற்றவரைச் சோதித்துச் சான்றிதழ் தருவது. யோசனை அருமை. நடைமுறையில் சில மணி நேர அறிமுக வகுப்பு, ஒரு தேர்வு, தேறினால் சான்றிதழும் 500 ரூபாயும் என்று முடிந்த இடங்களே அதிகம். கொத்தனாரிடமோ பிளம்பரிடமோ அந்தச் சான்றிதழை யாராவது கேட்டார்களா என்று விசாரித்தால் சிரிப்பார்கள். சான்றிதழுக்கே பயனில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஜோகன்னஸ்பர்கில் இளைஞர்களின் திறன்களைச் சோதித்து, முதலாளியிடம் காட்டக்கூடிய சான்றிதழாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2022-இல் வெளியானது. வேலையில் இருப்போர் பங்கு சுமார் 5 சதவீதப் புள்ளி உயர்ந்தது. மதிப்பெண்ணைத் தேடுகிறவருக்கு மட்டும் தனியாகச் சொன்னபோது அந்த அளவுக்குப் பலன் இல்லை. தன் பலம் தனக்குத் தெரிவதைவிட, எதிரே இருப்பவர் நம்பும்படி அதைக் கையில் காட்ட முடிவது பெரிது. நம்மூர்ச் சான்றிதழில் குறைவது அந்த நம்பிக்கை. 6ஜி வெல்டருக்கு எக்ஸ்ரே இருக்கிறது, இதற்கு ஏஜென்சியின் முத்திரை மட்டும் இருக்கிறது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்புச் சட்டத்தில் மறுதிறன் நிதி என்று ஒன்று உண்டு. ஆட்குறைப்பு செய்யும் முதலாளி ஒவ்வொரு தொழிலாளிக்கும் கடைசிச் சம்பளத்தில் பதினைந்து நாள் தொகையைப் போட வேண்டும், அது நாற்பத்தைந்து நாளுக்குள் தொழிலாளியின் கணக்குக்குப் போக வேண்டும். நல்ல ஏற்பாடுதான். நிர்வாகப் பணியில் இருப்பவரும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளரும் தொழிலாளி என்ற வரையறைக்குள் வரமாட்டார்கள். அப்படியானால் ஹிஞ்சவடி மேனேஜர்களுக்கு அது கிடையாது. தவிர, ராஜினாமா கடிதம் வாங்கிக்கொண்டு அனுப்பினால் ஏட்டில் அது ஆட்குறைப்பே இல்லை. அந்தக் கடிதம் எந்தச் சூழ்நிலையில் எழுதப்பட்டது என்பதை நிரூபிக்க வேண்டிய பாரம் எழுதியவர் தலையில். பதினைந்து நாள் சம்பளத்தில் மறுதிறன் எவ்வளவு வரும் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. அதைவிட அந்தப் பணத்தில் முதலில் ஒரு மாத வாடகை கட்டுவது புத்திசாலித்தனம் என்பேன். பதற்றத்தில் சேர்ந்த கோர்ஸ்களால் வேலை கிடைத்தவரைவிட, நிதானமாகத் தேட ஒரு மாதம் கிடைத்ததால் சரியான வேலையில் சேர்ந்தவரைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

முளா ஆற்றுக்கு அந்தப் பக்கம் இனி வரப்போவது பெரிய சோதனை. 2022 ஜூனில் அறிவித்த அக்னிபத் ராணுவ ஆட்சேர்ப்புத் திட்டத்தில் சேர்ந்தவர்களின் முதல் அணி நான்கு வருடத்தை 2026 இறுதி வாக்கில் முடிக்கிறது. அதிகபட்சம் கால் பங்கினரே நிலைப்பணிக்குப் போவார்கள். மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியோடு, பென்ஷன் இல்லாமல், இருபதுகளிலேயே வெளியே வருவார்கள். இக்னோ பல்கலைக்கழகம் அவர்களுக்கென்று ஒரு பட்டம் வைத்திருக்கிறது. படிப்பின் பாதி மதிப்பெண் அலகுகள் பணியின்போது பெற்ற பயிற்சிக்கே தரப்படும். ஹவில்தார் அண்ணனுக்குக் கிடைக்காத வசதி இது. பதினாறு வருட ஸ்டோர் கணக்கும் இவர்களிடம் இருக்காது. நான்கு வருடத்தில் பயிற்சி போக மிஞ்சுவதில் ஒருவர் எந்த டிரேடில் எவ்வளவு ஆழமாக இறங்கியிருப்பார், அதைச் சாக்கண் கிடங்கு மேனேஜர் எப்படிச் சோதித்துப் பார்ப்பார் என்பது இன்னும் தெளிவாகவில்லை. ஐ.டி.ஐ. ரோடு ராணுவ முகாமிலிருந்து நடக்கும் தூரம்தான். வைஸும் வெர்னியரும் சோதித்துப் பழகிய வாத்தியார்களும் அங்கே இருக்கிறார்கள். முகாமைவிட்டு வெளியேறுவதற்கு முன் ஆறு மாதம் ஒவ்வொருவரையும் அங்கே நிறுத்தி, தெரிந்ததைச் செய்து காட்டச் சொல்லி, செய்ததை எழுதிக் கொடுத்தால் பெரிய செலவாகாது.